ஆங்கிலத்தில் நண்பனுக்கு ஒரு கடிதம்

வலப்புற மூலையில் ஊரும் தேதியும், இடப்புறம் விளியும், நடுவே விஷயமும், முடிவில் விடைபெறும் வாசகமும் கையொப்பமுமாக அமைந்த ஆங்கில நட்புக் கடிதத்தின் அங்கங்களை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உபாத்தியாயர் ஒரே பாட வேளையில் சொல்லி முடித்துவிடலாம். 'டியர்' என்பது முன்பின் அறியாத அதிகாரிக்கும் எழுதப்படும் சம்பிரதாயச் சொல்லாதலால் நம்முடைய 'அன்புள்ள' என்பதன் கனம் அதற்கு இல்லையென்பதையும், 'யுவர்ஸ்' என்பதில் உடைமைப் பொருள் முன்னமே அடங்கியிருப்பதால் கடைசி எழுத்துக்கு முன்னே மேற்குறி எதுவும் வேண்டாம் என்பதையும் மட்டும் சற்று நின்று விளக்க வேண்டும். கஷ்டமெல்லாம் நடுப்பகுதியில்தான்; சொல்வதற்கு மெய்யான விஷயம் இருந்தால்தான் அது உயிர் பெறும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

லண்டனில் அச்சுக்கூடம் நடத்திவந்த சாமுவேல் ரிச்சர்ட்ஸனிடம், 1739ஆம் ஆண்டில் இரண்டு புத்தக வியாபாரிகள், அதிகப் படிப்பில்லாத நாட்டுப்புறத்து மக்களுக்கு உதவியாக மாதிரிக் கடிதங்கள் எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதிக்கொண்டே வந்தவர், எஜமானனால் தொல்லைக்குள்ளாகும் வேலைக்காரப் பெண்ணைப் பற்றிய கடிதத்தை அடைந்தபோது, தாம் முன்பு கேள்விப்பட்டிருந்த ஒருத்தியின் கதை நினைவுக்கு வரவே, மாதிரிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவளே தன் பெற்றோருக்கு எழுதுவதாகக் கடிதம் கடிதமாக எழுதலானார். 1740இல் வெளிவந்த 'பமீலா' என்னும் நாவல் இப்படித்தான் பிறந்தது. மாதிரிப் புத்தகமும் அடுத்த ஆண்டில் அச்சாயிற்று. நிலைத்து நின்றது பமீலாதான்.

நம் வகுப்புகளிலோ, இல்லாத நண்பனை விடுமுறைக்கு அழைத்து நாற்பது பேரும் ஒரே கடிதத்தை எழுதுகிறார்கள். 'உபயகுசலோபரி' என்று நம் முன்னோர் தொடங்கியதுபோல, 'நான் இங்கே சுகம்' என்ற ஆங்கில வாக்கியத்தை மனப்பாடமாக எழுதிவிட்டு, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமின்றிப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் சிறுவனைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. தகப்பனாரின் உத்தியோக மாற்றத்தால் வேறு ஊர் போய்விட்ட பழைய வகுப்புத் தோழனுக்கு, இருவரும் அடியில் உட்கார்ந்து சோறு தின்ற வேப்பமரம் போன வாரத்துக் காற்றில் விழுந்துவிட்டதை எழுதச் சொல்லுங்கள். முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு தனக்குத் தெரிந்த சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் அதை இறக்கி வைக்கட்டும். பிழைகளைச் சிவப்பு மையால் மூடாமல் பென்சிலால் மெல்லக் கோடிட்டுக் காட்டி, மறுபடி எழுதிய சுத்தப் பிரதியை மெய்யாகவே தபாற் பெட்டியில் போடச் செய்ய வேண்டும். மரம் எந்தப் பக்கமாகச் சாய்ந்தது, அதிலிருந்த காக்கைக் கூடு என்னவாயிற்று என்று தோழனிடமிருந்து பதில் வருமானால், கூட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று அந்தச் சிறுவனே உபாத்தியாயரைத் தேடிக்கொண்டு வருவான்.