அமுக்க விகிதமும் பிஸ்டன் தெரிவும்

அமுக்க விகிதம் என்பது உள் எரி பொறி ஒன்றின் உருளைக்குள் பிஸ்டன் கீழ் எல்லையில் இருக்கும்போதுள்ள மொத்தக் கொள்ளளவுக்கும், மேல் எல்லையில் இருக்கும்போது எஞ்சும் கொள்ளளவுக்கும் இடையிலான விகிதம் ஆகும். பிஸ்டன் தமிழில் உந்துதண்டு எனவும் அழைக்கப்படுகின்றது. டர்போ போன்ற மிகைக்காற்றூட்டி இல்லாமல், வளிமண்டல அழுத்தத்தால் மட்டும் காற்றைப் பெறும் பெட்ரோல் பொறியைச் சாலைப் பயன்பாட்டிற்காகப் புதுப்பிக்கும்போது, இவ்விகிதத்தைத் தீர்மானிப்பதும் அதற்கேற்ற பிஸ்டனைத் தெரிவு செய்வதும் ஒரே முடிவின் இரு பகுதிகளாகும். அடையக்கூடிய மிக உயர்ந்த விகிதம் சாலைப் பொறிக்குச் சிறந்த விகிதம் ஆகாது. எரிபொருள், வெப்பம், வால்வு நேரம் ஆகிய மூன்றும் அதன் எல்லையை வகுக்கின்றன.

கணக்கிடும் முறை

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெரிதும் புழங்கும் ராயல் என்ஃபீல்டு 350 இதற்கு எளிய எடுத்துக்காட்டு ஆகும். இவ்வகை வண்டிகளின் உற்பத்தி 1955 இல் சென்னையில் தொடங்கியது. ஜே வரிசைப் பொறி வருவதற்கு முன்பிருந்த கிளாசிக் 350 வண்டியின் உருளை விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் வீச்சு 90 மி.மீ., வீச்சுக் கொள்ளளவு 346 க.செ.மீ., அமுக்க விகிதம் 8.5:1 ஆகும். வீச்சுக் கொள்ளளவை விகிதத்தில் ஒன்று குறைந்த எண்ணால் வகுத்தால் எரியறையின் கொள்ளளவு கிடைக்கும். 346 ஐ 7.5 ஆல் வகுக்க ஏறத்தாழ 46.1 க.செ.மீ. வருகின்றது.

இதே பொறியை 9.5:1 ஆக உயர்த்த எரியறை 40.7 க.செ.மீ. ஆகச் சுருங்க வேண்டும். குறைக்க வேண்டிய 5.4 க.செ.மீ. அளவு, உருளையை ஏறத்தாழ 1.4 மி.மீ. தாழ்த்துவதற்குச் சமம். மேற்புறம் மேடான பிஸ்டனைப் பொருத்தியும் இதனை அடையலாம்.

தேய்ந்த உருளையைக் கடைந்து பெரிய பிஸ்டன் பொருத்துவது பட்டறை வழக்கில் "போர் போடுதல்" எனப்படுகின்றது. விட்டம் 0.5 மி.மீ. கூடினால் வீச்சுக் கொள்ளளவு 351 க.செ.மீ. ஆகின்றது. எரியறை மாறாதிருப்பின் விகிதம் 8.6:1 ஆக உயரும். எனவே பழுது நீக்கும் வேலையும் அமுக்க விகிதத்தைச் சற்று மாற்றுகின்றது.

வெப்பத் திறனும் அதன் எல்லையும்

ஒட்டோ சுழற்சியின் கோட்பாட்டின்படி அமுக்க விகிதம் உயர வெப்பத் திறனும் உயரும். ஆயினும் உயர்வின் அளவு படிப்படியாகக் குறைந்துகொண்டே செல்லும்.

* 6.5:1 – 52.7 விழுக்காடு
* 8.5:1 – 57.5 விழுக்காடு
* 9.5:1 – 59.4 விழுக்காடு
* 10.5:1 – 61.0 விழுக்காடு
* 12.5:1 – 63.6 விழுக்காடு

இவை கோட்பாட்டு அளவுகளே. நடைமுறைத் திறன் இவற்றைவிட மிகக் குறைவு. 8.5 இலிருந்து 9.5 க்கு உயர்த்துவதால் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 3 விழுக்காடு. 20 குதிரைத்திறன் கொண்ட பொறியில் இது முக்கால் குதிரைத்திறனுக்கும் குறைவாகும்.

அடிப்பு

அமுக்கப்பட்ட கலவை சூடாகின்றது. ஸ்பார்க் பிளக்கிலிருந்து பரவும் சுடர் சென்று சேருவதற்கு முன்பே எஞ்சிய கலவை தானாக வெடித்து எரிந்தால் அடிப்பு உண்டாகும். இதனைப் பணியாளர்கள் "நாக்கிங்" என்பர். பாரம் ஏறும்போது கேட்கும் உலோகச் சலசலப்பு இதன் அடையாளம். தொடர்ந்தால் ரிங் பள்ளங்களின் விளிம்புகள் உடையும். பிஸ்டனின் தலை உருகித் துளைபடவும் கூடும்.

புதுச்சேரி கடல் மட்டத்தில் அமைந்த நகரம். அங்கு காற்றழுத்தம் முழுமையாக இருப்பதால் உருளை நன்கு நிறைகின்றது. கோடைப் பகலில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். நெரிசலில் மெதுவாகச் செல்லும் காற்றுக் குளிர்விப்புப் பொறிக்கு அடிப்பு ஏற்பட இவை ஏற்ற நிலைமைகளாகும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு அளவு குறைவு. மலையில் அமைதியாக ஓடிய பொறி கடற்கரைக்கு இறங்கியதும் அடிப்புக்கு உள்ளாகலாம்.

எரிபொருள்

அடிப்பைத் தாங்கும் ஆற்றல் ஆக்டேன் எண்ணால் குறிக்கப்படுகின்றது. பாரத் நிலை 6 விதிகள் ஏப்ரல் 2020 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது சாதாரணப் பெட்ரோலின் குறைந்தபட்ச எண் 91 ஆக இருந்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் எண் ஏறத்தாழ 95 என இந்தியப் பெட்ரோலிய அமைச்சகம் 2025 இல் தெரிவித்தது. ஆயினும் எத்தனாலில் ஆக்சிசன் உள்ளதால், மாற்றியமைக்கப்படாத கார்புரேட்டரில் கலவை மெலியும். மெலிந்த கலவையால் பொறியின் வெப்பம் கூடலாம். எனவே ஜெட் அளவையும் சரிபார்த்தல் வேண்டும்.

பிஸ்டன் வகைகள்

* வார்ப்புப் பிஸ்டன்: சிலிக்கான் மிகுந்த அலுமினியக் கலவையால் ஆனது. குறைவாக விரிவடைவதால் நெருக்கமான இடைவெளியில் ஓசையின்றி ஓடும். அன்றாடப் பயன்பாட்டிற்குப் போதுமானது. கடும் அடிப்பில் உடையும்.
* வடிப்புப் பிஸ்டன்: உலோகத்தை அடித்து வடிப்பதால் உறுதியானது. 4032 கலவையில் சிலிக்கான் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2618 கலவையில் சிலிக்கான் மிகக் குறைவாதலால் அதிகம் விரியும். கூடுதல் இடைவெளி தேவை, குளிர்ந்த நிலையில் தட்டும் ஓசை எழும்.

மேடான பிஸ்டன் விகிதத்தை உயர்த்தினாலும் சுடரின் பாதையை மறைக்கலாம். வால்வுடன் மோதவும் கூடும். பிஸ்டன் தலையில் மெழுகுக் களிமண் ஒட்டிப் பொறியைக் கையால் சுழற்றி, பதிந்த தடத்தின் தடிப்பை அளந்து இடைவெளி அறியப்படுகின்றது. ஒற்றை உருளைப் பொறியில் புதிய பிஸ்டனின் எடை பழையதற்கு ஒத்திராவிடில் அதிர்வு கூடும்.

வால்வு நேரம்

பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னரே உள்ளிழு வால்வு மூடுகின்றது. உண்மையான அமுக்கம் அதன் பின்னரே தொடங்கும். வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் பொருத்தினால் குறைந்த வேகத்தில் அமுக்கம் குறையும். அதனை ஈடுசெய்ய உயர் விகிதம் தேவைப்படும். கேமை மாற்றாது விகிதத்தை மட்டும் உயர்த்துவது அடிப்புக்கு வழிவகுக்கும்.

உற்பத்தியாளர் காட்டும் வழி

2020 இல் மீட்டியர் 350 வண்டியுடன் அறிமுகமான ஜே வரிசைப் பொறியின் விட்டம் 72 மி.மீ., வீச்சு 85.8 மி.மீ., அமுக்க விகிதம் 9.5:1 ஆகும். முந்தைய பொறியின் திறன் 19.8 குதிரைத்திறன், இதன் திறன் 20.2 மட்டுமே. எரிபொருள் உட்செலுத்தல், எண்ணெய்க் குளிர்விப்பு, புதிய உருளைத்தலை ஆகியவற்றுடன் சேர்ந்தே விகிதம் உயர்த்தப்பட்டது. பழைய பொறியில் பிஸ்டனை மட்டும் மாற்றுபவர் இத்துணைகள் எதுவுமின்றி அதே வெப்பச் சுமையை ஏற்றுகின்றார்.

சட்டம்

பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை, 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. பொறியின் கன அளவும் அவ்விவரங்களுள் ஒன்று.