எரிமலை காணாத நீலகிரியில் எரிமலை மண்

நீலகிரியில் கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் உள்ள புல்வெளியில் ஒரு குழி தோண்டினால் முதலில் வருவது ஏறத்தாழக் கறுப்பான, பொலபொலப்பான மண். புல்லின் வேர்கள் அதில் அடர்ந்து பின்னிக் கிடக்கும். பல சரிவுகளில் அரை மீட்டர் ஆழம்வரை நிறம் அவ்வளவாக மாறாது. அதற்குக் கீழே சட்டென்று மஞ்சளும் சிவப்பும் கலந்த களிமண் தொடங்கி, பாறையைத் தொடும்வரை பல மீட்டர் இறங்கும். கறுப்பும் சிவப்பும் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதுதான் இந்த மண்ணைப் புரிந்துகொள்வதற்கான முதல் தடயம். இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு சூழலில் உருவானவை.

மேல்பவானி, அவலாஞ்சி, முக்குருத்தி, பைக்காரா, உதகைக்கு வெளியே உள்ள வென்லாக் டவுன்ஸ் ஆகிய இடங்களில் இந்த நிலம் இன்னும் ஓரளவு பழைய வடிவிலேயே மிஞ்சியிருக்கிறது. மலை மடிப்புகளில் சோலைக்காடு, முதுகுகளிலும் சரிவுகளிலும் புல் என்பது அதன் அமைப்பு. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்தது இந்தப் புல்வெளியில்தான். நீலகிரி வரையாட்டின் வாழிடமும் இதுவே. மென்மையான கம்பளிக்குப் பேர்போன நீலகிரிச் செம்மறியை வளர்க்கும் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமும் இதே மேட்டில் இருக்கிறது. ஆக, இது மேய்ச்சலுக்கென்றே அமைந்த மலைநிலம். உழவு இங்கே பின்னால் வந்தது.

அடியில் இருப்பது சார்னகைட் என்னும் கடினமான பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. வெகுநீண்ட காலம் வெப்பத்திலும் மழையிலும் கிடந்து இந்தப் பாறை மக்கியது. அதிலிருந்த சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம், பெருமளவு சிலிக்கா எல்லாம் கரைந்து போக, கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கின. கயோலினைட் களிமண், அலுமினியத் தாதுவான கிப்சைட், மஞ்சள் நிறம் தரும் இரும்புத் தாதுவான கோத்தைட் ஆகியவைதான் கீழடுக்கில் நிறைந்திருப்பவை. சுருங்கச் சொன்னால், கீழே இருப்பது செம்புறை மண்ணின் உறவு. சத்துகளைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு.

மேலே உள்ள கறுப்பு அடுக்கை உண்டாக்கியது குளிரும் ஈரமும். இவ்வளவு உயரத்தில் ஆண்டின் சராசரி வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். மழை சீராகப் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்கும் மேற்கு விளிம்பில் கொட்டும் மழை, கிழக்கே வரவர வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்கின்றன. ஆண்டுதோறும் செத்து மடியும் புல்வேர் முழுதும் மக்கிக் காற்றில் கலப்பதற்குள் அடுத்த ஆண்டின் வேர் சேர்ந்துவிடுகிறது. ஆனால் குளிர் மட்டுமே காரணமென்றால் இவ்வளவு கரிமம் சேர்ந்திருக்காது. மக்கும்போது வெளிவரும் கரிம அமிலங்கள் கீழிருந்து வந்த அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்து அவற்றோடு பிணைந்துகொள்கின்றன. இப்படிப் பிணைந்த மக்கை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடிவதில்லை. தமிழகச் சமவெளி வயல்களில் கரிமம் அரை சதவீதத்தைத் தொட்டாலே நல்ல மண் என்ற நிலை இருக்க, இங்கே மேலடுக்கில் 5 சதவீதத்துக்கு மேல் கரிமம் இருப்பது சாதாரணம்.

இந்தப் பிணைப்புதான் மண்ணின் மற்ற குணங்களையும் தீர்மானிக்கிறது. முதலாவது, எடை. சமவெளி வயல் மண்ணில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் அளவில் இருக்கும் பருமன் அடர்த்தி, இங்கே 0.9 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. பாதிக்கு மேல் வெற்றிடம் என்பதால் மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும். இறங்கியது மெல்லக் கசிந்து கோடையிலும் ஓடைகளுக்கு வரும். பவானி, மோயாறு நீர்ப்பிடிப்புகளின் வற்றாத ஓடைகளுக்குச் சோலைகளை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். புல்வெளி மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டாவது, தொட்டால் தெரியும் குணம். ஈரமான ஒரு பிடி மண்ணை விரல்களுக்கிடையே அழுத்தித் தேய்த்தால் முதலில் கெட்டியாக இருப்பது திடீரென வழுவழுத்து, நீர் கசிந்து இளகிவிடும். அழுத்தத்தை விட்டால் மறுபடி இறுகும். செம்மண்ணிலோ கரிசலிலோ இப்படி நடக்காது. கரிசலைப் போலக் கோடையில் வெடிப்பதும் இல்லை. நிறம் கறுப்பு என்பதைத் தவிர, நீலகிரிக் கருமண்ணுக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மூன்றாவது, அமிலத்தன்மை. கார அமில நிலை பெரும்பாலும் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் குறைவு. அலுமினியம் மட்டும் தாராளம். ஊட்டி வீட்டுத் தோட்டங்களில் ஹைட்ரேஞ்சியா பூக்கள் நீலநிறமாகப் பூப்பதற்குக் காரணம் இதுதான். அமில மண்ணில் செடி அலுமினியத்தை உறிஞ்சிக்கொள்ளும்போது பூவின் நிறமி நீலமாகிறது. அதே செடியைச் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நட்டால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். தேயிலையும் அலுமினியத்தைத் தாங்கும் செடி என்பதால் இந்த மலையில் செழித்தது. எல்லாப் பயிருக்கும் அந்தத் தாங்கும் சக்தி இல்லை.

உழவருக்கு மிகவும் செலவு வைக்கும் குணம் நான்காவது. போடும் மணிச்சத்தை இந்த மண் பிடுங்கிக்கொள்கிறது. சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பேட் அலுமினியத்தோடும் இரும்போடும் இறுகப் பிணைந்து, வேருக்கு எட்டாமல் போய்விடும். உருளைக்கிழங்கு, காரட் போடுபவர்கள் உரத்தை வாரி இறைத்தும் பயிர் மணிச்சத்துப் பற்றாக்குறையைக் காட்டுவது இதனால்தான். உரத்தை நிலம் முழுக்கத் தூவாமல் வேரை ஒட்டி வைப்பதும், அமில மண்ணில் மெல்லக் கரையும் ராக் பாஸ்பேட்டைத் தேயிலைக்குப் பயன்படுத்துவதும் இதற்குக் கண்ட வழிகள்.

இத்தனை குணங்களும் ஒருசேர எங்கே இருக்கும் என்று உலக மண் நூல்களைப் புரட்டினால் கிடைக்கும் பதில் வியப்பூட்டும். ஜப்பான், இந்தோனேசியா, எத்தியோப்பிய மேட்டுநிலம், கிளிமஞ்சாரோ சரிவு என எல்லாம் எரிமலைச் சாம்பல் படிந்த இடங்கள். இந்த மண்ணை அமெரிக்க வகைப்பாடு ஆன்டிசால் என்றும், பன்னாட்டு வகைப்பாடு ஆன்டோசால் என்றும் அழைக்கின்றன. உலக நிலப்பரப்பில் சுமார் 1 சதவீதமே இது. நீலகிரியில் எரிமலையும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆனாலும் இந்த உச்சி மண் ஆன்டிசாலுக்கான தேர்வில் தேறிவிடுகிறது என்பதை, கானெர், பூர்ஜோன் உள்ளிட்ட பிரெஞ்சு மண்ணியலாளர்கள் 2000-இல் ஐரோப்பிய மண்ணியல் இதழில் வெளியிட்ட ஆய்வு விளக்கியது.

அந்தத் தேர்வுக்கு முக்கியமான மூன்று அளவுகோல்கள் உண்டு. பருமன் அடர்த்தி 0.90 கிராம் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் திறன் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆக்ஸலேட் கரைசலில் கரையும் அலுமினியத்தோடு, அதே கரைசலில் கரையும் இரும்பில் பாதியைக் கூட்டினால் 2 சதவீதமாவது வர வேண்டும். இவை மேல் 60 சென்டிமீட்டரில் குறைந்தது 36 சென்டிமீட்டர் கனத்துக்காவது பொருந்தினால்தான் அமெரிக்க முறைப்படி ஆன்டிசால். எரிமலைச் சாம்பலில் பெரும்பாலும் அலோபேன் என்னும் ஒழுங்கற்ற களிமம் இந்தக் குணங்களைத் தரும். நீலகிரியில் அந்த வேலையை அலுமினிய மக்குப் பிணைப்பே செய்கிறது. எனவே இது அலோபேன் அற்ற ஆன்டிசால்; பன்னாட்டு முறையில் அலுவான்டிக் வகை. அடுத்த படியில் ஈரத்தை வைத்துப் பிரிப்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி ஈரம் நீடித்தால் உடாண்ட், வறண்ட மாதங்கள் கணிசமாகக் குறுக்கிட்டால் உஸ்டாண்ட்.

ஆய்வகத்துக்குப் போகுமுன் வயலிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பினால்ப்தலீன் தோய்த்து உலர்த்திய வடிதாளில் சிட்டிகை மண்ணை வைத்து, சோடியம் புளோரைடு கரைசலை ஒரு சொட்டு விட வேண்டும். புளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்துகொண்டு அதிலிருந்த ஹைட்ராக்சைடை வெளியே தள்ளும். அமில மண்ணாக இருந்தும் தாள் சட்டென இளஞ்சிவப்பாக மாறும். ஆன்டிசாலுக்கு இது உறுதியான சான்று ஆகாது, நல்ல முன்னறிகுறி.

மலை முழுவதும் ஒரே மண் என்று நினைத்துவிடக் கூடாது. உயரம் குறையக் குறைய, மழை குறையக் குறைய, மேலடுக்கு மெலிந்து செம்மண் தலைகாட்டும். அளவுகோலுக்குச் சற்றே எட்டாத கருமண்ணைப் பன்னாட்டு முறை அம்ப்ரிசால் என்று வைக்கும். செங்குத்தான முதுகுகளில் பாறைமேல் ஒரு சாண் மண்தான் இருக்கும். பள்ளத்தாக்கின் அடியில் நீர் தேங்கும் இடங்களிலோ மக்காத தாவரப் படிவு குவிந்து கரிச்சேறாகியிருக்கும், அது ஹிஸ்டோசால்.

கரிச்சேற்றில் காலநிலை வரலாறே பதிந்திருக்கிறது. புற்களில் பெரும்பாலானவையும் சோலை மரங்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் முறை வேறு வேறு என்பதால், அவை விட்டுச் செல்லும் மக்கில் கரிம ஐசோடோப்பு விகிதமும் வேறுபடும். நீலகிரிக் கரிச்சேற்றை இப்படி ஆராய்ந்த ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 20,000 ஆண்டுக் காலநிலை மாற்றத்தை 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோது, இங்கே பருவமழை மெலிந்து வறட்சிப் புல் ஓங்கியிருந்தது அதில் தெரிந்தது. புல்வெளி மனிதர் காட்டை அழித்ததால் வந்தது என்ற பழைய கருத்துக்கு இது சரியான மறுப்பு. இந்த மேட்டில் புல் மிக மூத்த குடி.

அதை அறியாமல்தான் புல்வெளியைத் தரிசு என்று கணக்கில் எழுதி, 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தைலமரமும் சீகையும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டு ஆலைகளுக்காகவும் நடவு பெருகியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் 1973 முதல் 2017 வரை சுமார் 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 சதவீதப் புல்வெளி, அயல் மரங்களிடம் பறிபோனதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டுகிறது.

உழவு செய்யும் சேதம் வேறு விதம். மண்ணைக் கிளறி வெயிலில் காயவிட்டால் மக்கு வேகமாகச் சிதைகிறது. இந்த வகை மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சிறு உருண்டைகளாக இறுகி, மீண்டும் நனைந்தாலும் முன்போல் நீரைப் பிடிப்பதில்லை. புல்வேரின் பின்னல் இருக்கும்வரை சரிவு நிற்கும். வேரை எடுத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டிச் சாலையும் கட்டடமும் போடும்போது, நீர் ஊறிய கருமண்ணும் அடியிலுள்ள ஆழமான சிதைபாறைக் களிமண்ணும் சேர்ந்து சரிகின்றன. 1978, 1979, 1993, 2009 ஆண்டுகளின் நிலச்சரிவுகளை நீலகிரி மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது போன்ற மழை இனியும் வரும்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் உழவருக்கு 12 அளவுகள் தரப்படுகின்றன. கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம், பேரூட்டம், நுண்ணூட்டம் எல்லாம் அதில் உண்டு. பருமன் அடர்த்தியும் இல்லை, பாஸ்பேட் பிடிப்பும் இல்லை. சமவெளிக்கு அந்த அட்டை போதும். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள நிலத்துக்கு இந்த இரண்டையும் சேர்த்து அளந்த பிறகே உரப் பரிந்துரை எழுதுவதும், எந்தச் சரிவை மேய்ச்சலுக்கே விட்டுவைப்பது என்று முடிவெடுப்பதும் முறையாக இருக்கும்.