சர்வரே இல்லாத வீடியோ கால்: பாதி உண்மை

போன வருஷம் அம்மாவுக்காக ஒரு சின்ன ஆப் எழுதினேன். திறந்தால் என் படமும் தங்கச்சி படமும் இருக்கும். படத்தைத் தொட்டால் வீடியோ கால் போகும், அவ்வளவுதான். அம்மாவுக்குப் படிக்க வராது. அதனால் எழுத்தே இல்லாத திரை. "நடுவுல சர்வரே கிடையாதும்மா, உன் போன்ல இருந்து நேரா என் போனுக்கு" என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

வீட்டில் இருந்த நான்கு நாளும் அருமையாக ஓடியது. நான் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பிய அன்று இரவு அம்மா கூப்பிட்டார். மணி அடித்தது, எடுத்தேன். கறுப்புத் திரை, சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சாதாரண காலில் வந்து கேட்டார்: "நான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேனாப்பா?"

தப்பு அம்மா மேல் இல்லை. நான் பெருமையாகச் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் இருந்தது. அது ஏன் என்று பார்ப்போம்.

நான் பயன்படுத்தியது வெப்ஆர்டிசி. 2011-ல் கூகுள் இதைத் திறமூலமாக வெளியிட்டது. 2021 ஜனவரியில் டபிள்யூ3சி இதை முறையான தரநிலையாக அறிவித்தது. கேமரா, மைக், வீடியோவைச் சுருக்குவது, மறையாக்கம் எல்லாமே இதற்குள் இருக்கிறது. ஃப்ளட்டருக்கும் ரியாக்ட் நேட்டிவுக்கும் திறமூல நூலகங்கள் உண்டு. ஆனால் இரண்டு போன்களும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் வெப்ஆர்டிசி நம்மிடமே விட்டுவிடுகிறது.

அதற்குத்தான் சிக்னலிங் சர்வர். "இவங்க கூப்பிடறாங்க, இவங்க முகவரி இது" என்று சேதி கொண்டுபோகிற தூதுவர் மாதிரி. தூங்கிக்கொண்டிருக்கும் போனை எழுப்ப ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கூகுளின் புஷ் சேவையும், ஐபோனில் ஆப்பிளின் புஷ் சேவையும் வேண்டும். ஆக, மணி அடிப்பதற்கே சர்வர் தேவை!

அடுத்தது முகவரி. ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால் ரவுட்டர்களும் மொபைல் நிறுவனங்களும் பல பேரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதன் பெயர் நேட். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே யாருக்காவது சொல்லி அனுப்பியிருந்தால்தான் பதிலை உள்ளே விடுவார். முன்பின் தெரியாதவர் வந்தால் கேட்டோடு சரி.

இதைச் சமாளிக்க ஸ்டன் சர்வர் இருக்கிறது. "வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரி என்ன?" என்று போன் கேட்கும், அது சொல்லும். பிறகு இரண்டு போன்களும் ஒரே சமயத்தில் ஒன்றுக்கொன்று பாக்கெட் அனுப்பும். இரண்டு வாட்ச்மேன்களும் "நம்ம வீட்டுக்காரர் கேட்டதுதான் வருது" என்று நினைத்து உள்ளே விட்டுவிடுவார்கள்.

ஆனால் சில வாட்ச்மேன்கள் கறார். ஒவ்வொரு வெளியாளுக்கும் ஒரு தனிக் கதவைத் திறப்பார்கள். ஸ்டன்னிடம் பேசிய கதவு வேறு, என்னிடம் பேசும் கதவு வேறு. அப்போது ஸ்டன் சொன்ன முகவரியால் பயனில்லை. இதுதான் சிமெட்ரிக் நேட். வீட்டில் இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருந்ததால் இந்தப் பிரச்சினையே எழவில்லை. ஊருக்கு வந்ததும் இரண்டு பேரும் மொபைல் டேட்டாவில். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இதற்குத் தீர்வு டர்ன் சர்வர். நேர்வழி கிடைக்காதபோது வீடியோ அதன் வழியாகப் போகும். கோடர்ன் என்கிற திறமூல மென்பொருளை நாமே நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள் இலவசம், ஆனால் டேட்டா இலவசமில்லை. ஒவ்வொருவரும் நொடிக்கு 1 மெகாபிட் அனுப்பினால், ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு திசைக்கு 450 எம்பி. இரண்டு திசைக்கும் சேர்த்து டர்ன் வெளியே அனுப்புவது 900 எம்பி.

நடுவில் சர்வர் வந்துவிட்டால் அந்தரங்கம் போச்சா? இல்லை. வெப்ஆர்டிசியில் மறையாக்கம் கட்டாயம். டர்ன்னுக்குக் கண்ணில் படுவது குழம்பிய பிட்டுகள்தான். கவனிக்க வேண்டியது சிக்னலிங் சர்வரை. சாவிகளின் கைரேகை அதன் வழியாகத்தான் போகிறது. அது நேர்மையில்லாமல் கைரேகையை மாற்றிவிட்டால் நடுவில் ஆள் உட்காரலாம்.

இன்னொன்று, நேரடி இணைப்பில் நம் ஐபி முகவரி எதிராளிக்குத் தெரிந்துவிடும். அம்மாவுக்குத் தெரிந்தால் எனக்கென்ன? ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்ளும் ஆப்பில் அது ஆபத்து. சிக்னல் செயலியில் எல்லா கால்களையும் ரிலே வழியாக அனுப்பும் அமைப்பு இருப்பது இதனால்தான். நடுவில் ஆளில்லை என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது.

நீங்களும் இப்படி ஒன்று எழுதுகிறீர்கள் என்றால், ஒரே வைஃபையில் சோதித்துவிட்டுச் சந்தோஷப்படாதீங்க. ஐஸ் அமைப்பில் டிரான்ஸ்போர்ட் பாலிசியை 'ரிலே' என்று வைத்து ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் படம் வந்தால்தான் உங்கள் டர்ன் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இப்போது மாதாமாதம் ஒரு சின்ன சர்வருக்கு வாடகை கட்டுகிறேன். டர்ன் போட்ட அன்று அம்மாவை மறுபடி கூப்பிடச் சொன்னேன். படம் வந்தது. "இப்ப சரியா அமுக்கிட்டேன் போல" என்றார்.

"அன்னைக்கும் சரியாத்தாம்மா அமுக்கினே" என்றேன்.