பெயர் பொறித்த கிற்றார்: காசு எதற்குப் போகிறது?



"தம்பிக்குப் பதினைந்து வயது. ஐபனேஸ் கிற்றார் ஒன்று கேட்கிறான். யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயரில் வாறதாம். விலை இரண்டாயிரம் பவுணுக்கு மேலே. நீங்கள் கணக்காளர்தானே, சொல்லுங்கோ, இது முதலா, செலவா?"

மனோர் பார்க்கில் வரிப் படிவத்தோடு என்னிடம் வருகிறவர்களில் சிலர், படிவத்தை மேசையில் வைத்துவிட்டு இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அத்தகைய கிற்றார் ஒன்றை வைத்திருந்து ஓய்வு நேரத்தில் வாசிப்பவன் என்ற முறையில், இம்மாதப் பேச்சில் கணக்கையும் கருவியையும் சேர்த்தே விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிற்றார் எங்களுக்கு அந்நியமான வாத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் இலங்கையில் தமிழ்ப் பொப் இசையை வளர்த்த காலத்திலேயே அது எங்கள் மேடைகளுக்கு வந்துவிட்டது. ஆகவே "கிற்றார் வேண்டுமா, வேண்டாமா" என்பதல்ல இங்கே கேள்வி. "எந்தக் கிற்றார், எந்தக் கைக்கு" என்பதுதான்.

பெயர் எப்படி வந்தது?

கிப்சன் நிறுவனம் 1952 இல் லெஸ் போல் என்ற கலைஞரின் பெயரில் ஒரு மின்கிற்றாரை வெளியிட்டது. அதன் பின் கலைஞர் பெயரில் கிற்றார் விற்பது ஒரு வழக்கமாகிவிட்டது. பொதுவாக இப்படி விற்பனையாகும் ஒவ்வொன்றுக்கும் பெயருக்குரியவருக்கு ஒரு பங்கு போகும். நாங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி மரத்துக்கும் கம்பிக்கும் அல்ல, பெயருக்கு.

ஆனால் எல்லாப் பெயரும் வெறும் விளம்பரமல்ல. தம்பிமார் கேட்கிற ஜெம் என்ற கிற்றாரையே எடுப்போம். இதற்குரியவர் ஸ்டீவ் வை என்ற அமெரிக்கர். பதினெட்டு வயதளவில் பிராங்க் சப்பா என்ற இசைக்கலைஞருக்காக, ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒவ்வொரு சுரமாகக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் வேலையில் தொடங்கியவர். பின்னர் அதே குழுவில் மேடையேறினார். தன் கைக்கு என்ன தேவை என்று தெரிந்த பிறகு, அதைப் பட்டியலாக எழுதிக் கிற்றார் செய்வோரிடம் கொடுத்தார். 1908 இல் ஜப்பானின் நகோயா நகரில் ஒரு புத்தகக் கடையின் இசைப் பிரிவாகத் தொடங்கிய ஹொஷினோ நிறுவனம்தான் ஐபனேஸ் கிற்றார்களை விற்கிறது. அவர்கள் செய்து கொடுத்ததே 1987 இல் ஜெம் என்று வெளிவந்தது. அதில் ஒரு வகையில் 777 கிற்றார்களை மட்டும் செய்து, ஒவ்வொன்றிலும் வை கையொப்பமிட்டார்.

கணக்காளனாக நான் அடிக்கோடிடும் வரி இது: அதே 1987 இல், அதே அமைப்பிலிருந்து ஆர்ஜி என்ற கிற்றார் வரிசையையும் ஐபனேஸ் வெளியிட்டது. உடலில் வெட்டிய கைப்பிடி ஓட்டையும் வையின் பெயரும் அதில் இல்லை. மெல்லிய கழுத்தும் இருபத்துநான்கு மெட்டுகளும் இருந்தன. விலை குறைவு.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அதன் இழுவிசை கூடி, சுருதி உயரும். ஒரு முழுச் சுரம் உயர்த்த, இழுவிசை ஏறக்குறைய 26 வீதம் கூட வேண்டும். விரலுக்கு இது பாரமான வேலை. வேகக் கிற்றார் என்று சொல்லப்படும் இவற்றின் வடிவமைப்பு அந்தப் பாரத்தைக் குறைப்பதற்கே. மெல்லிய தந்திகள், மெட்டுக்கு மிக அருகில் ஓடும் தந்தி உயரம், உள்ளங்கையில் அடங்கும் கழுத்து ஆகியவை அதற்காகத்தான்.

ஜெம்மில் கடைசி நான்கு மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழியாகக் குடைந்திருப்பார்கள். விரல் மரத்தில் உரசாமல் தந்தியை மட்டும் பிடிக்கும். 1988 இல் பெண்டர் நிறுவனம் இங்வி மால்ம்ஸ்டீன் பெயரில் வெளியிட்ட கிற்றாரில் கழுத்து முழுவதுமே இப்படிக் குடையப்பட்டிருந்தது.

வீணை பழகிய அக்காமார் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் வீணையில் மெழுகின் மேல் உயர்த்திப் பதித்த இருபத்துநான்கு மெட்டுகள் இருக்கின்றன. தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க வசதியாக விரலுக்குக் கீழே எப்போதும் வெற்றிடந்தான். ஜோன் மக்லாக்லின் என்ற ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் இதை உணர்ந்தவர். எஸ். இராமநாதனிடம் வீணை கற்ற அவர், 1970களில் சக்தி குழுவுக்காகக் குடைந்த கழுத்தும், குறுக்கே ஓடும் ஏழு அனுசுரத் தந்திகளும் கொண்ட கிற்றார் ஒன்றைச் செய்வித்தார்.

ஆனால் ஒரு சிக்கல்

ஜெம்மின் குதிரை உடலில் இறுக்கப்பட்டதல்ல. முன்னால் தந்திகளும் பின்னால் சுருள்வில்களும் இழுக்க, நடுவில் தராசுபோல் மிதக்கிறது. அதிலுள்ள பிடியை அழுத்தினால் சுருதி பாதாளத்துக்கு இறங்கும், தூக்கினால் ஏறும். வையின் இசைக்கு அது உயிர்.

எங்கள் பிள்ளை கமகத்தோடு வாசிக்கப்போனால் அதுவே எதிராக நிற்கும். ஒரு தந்தியை இழுக்கும்போது தராசு முன்பக்கம் சரியும். மற்றத் தந்திகளின் சுருதி இறங்கும். சுருதிக்குச் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் ஒலிக்கவிட்டு இராகம் வாசிப்பவருக்கு இது காதில் குத்தும். ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் பிசகிவிடும். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுவதும் இலகுவல்ல. என் கிற்றாரில் பின்பக்கக் குழியில் மரத்துண்டுகளை அடைத்துக் குதிரையை அசையாமல் நிறுத்தியிருக்கிறேன். பாதிப் பயன் போய்விட்டது என்று இளைஞர்கள் சொல்வார்கள். எனக்குத் தேவையான பாதி இருக்கிறது.

இதுதான் நான் சொல்ல வந்தது. பெயர் பொறித்த கிற்றார் "மிகச் சிறந்த" கிற்றார் அல்ல. அது இன்னொருவர் கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

தங்கள் கைக்கு அளவெடுத்தவர்கள்

எங்களுக்கு நெருக்கமானவர்களைப் பாருங்கள். சக்தி குழுவின் வயலின் கலைஞர் எல். சங்கர் குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். அவரது தந்தை வி. இலட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 கலவரத்தின் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. பின்னாளில் சங்கர் தானே திட்டமிட்டு, கென் பார்க்கர் என்ற அமெரிக்கக் கிற்றார் கைவினைஞரைக் கொண்டு, இரட்டைக் கழுத்தும் பத்துத் தந்திகளும் உள்ள மின்வயலினைச் செய்வித்தார். ஒரு வாத்தியக் குழுவின் வயலின் முதல் பெரிய பேஸ் வரையான வீச்சு அதில் அடங்கும்.

2014 இல் மறைந்த மண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், சோடி சோடியாக எட்டுத் தந்திகள் கொண்டிருந்த கருவியை ஐந்து ஒற்றைத் தந்திகளுள்ள மின்மண்டலினாக மாற்றிக் கர்நாடக இசையைப் பேசவைத்தார். இராணிப்பேட்டையில் பிறந்த கிற்றார் பிரசன்னா, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். மின்கிற்றாரில் கீர்த்தனைகளை வாசிப்பவர். 2006 இல் ஜிமி ஹென்றிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். இவர்கள் எவரும் இன்னொருவர் பெயரால் பெரியவர்களானவர்களல்ல. முதலில் கை, பிறகு கருவி, கடைசியில்தான் பெயர்.

இனிக் கணக்கு

பெயருள்ளதற்கும் அதன் எளிய உடன்பிறப்புக்கும் விலை வித்தியாசம் 1500 பவுண் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரின் பாடம் ஒன்றுக்கு 30 பவுண் என்றால், அந்த வித்தியாசம் 50 பாடங்கள். வாரம் ஒன்றாக ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு. மின்கிற்றாருக்கும் தரப் பரீட்சைகள் உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அங்கீகாரம் பெற்ற சபைகளின் ஆறு முதல் எட்டு வரையான தரங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான யூகாஸ் புள்ளிகளும் கிடைக்கும்.

வாங்குவதென்றே முடிவு செய்தால் சில குறிப்புகள்:

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ரெயில் ஏறினால் மாறாமலே ரொட்டன்ஹம் கோர்ட் றோட்டில் இறங்கலாம். பக்கத்திலுள்ள டென்மார்க் வீதியில் இன்னும் கிற்றார் கடைகள் உண்டு. பெயருள்ளதையும் இல்லாததையும் அடுத்தடுத்து வாசிக்கவிட்டு, நீங்கள் கண்ணை மூடிக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 20 வீத வற் வரியையும் விலையோடு கூட்டுங்கள். நம்பமுடியாத மலிவில் வருவது போலியாக இருக்கலாம். தொடர் இலக்கத்தைச் சரிபாருங்கள்.

வீட்டுக் காப்புறுதியில் தனிப்பொருள் ஒன்றுக்கு இவ்வளவுதான் என்ற எல்லை இருக்கும். கிற்றார் அதைத் தாண்டினால் தனியாக அறிவியுங்கள். படமும் பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

மாரிகாலத்தில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காற்று உலர்ந்தால் கழுத்து மரம் வளையும். உள்ளேயுள்ள இரும்புக் கோலைத் திருத்துபவரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டிவரும். புதுத் தந்தி, திருத்தம், அம்பிளிபயர் எல்லாம் தொடர் செலவுகள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருக்கும் எங்களுக்கு ஹெட்போன் பூட்டும் சிறிய அம்பிளிபயரே அயலவரோடு சமாதானம் தரும்.

ஒரு பையோடு வந்திறங்கிய பலர் எங்களுக்குள் இருக்கிறோம். பிள்ளைக்கு நல்லதில் நல்லதை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற அந்த ஆசையை நான் ஒருநாளும் வீண் செலவு என்று எழுதமாட்டேன். ஆனால் சுவரில் தொங்கும் கிற்றார் செலவு, கையில் தேயும் கிற்றார் முதல். இரண்டு வருடம் எளிய கருவியில் பழகிய பிள்ளை ஒருநாள் வந்து, "இந்தக் கழுத்து எனக்குத் தடிப்பாக இருக்கு, மேல் மெட்டுகளுக்கு விரல் போகுதில்லை" என்று குறை சொன்னால் சந்தோசப்படுங்கள். அது பெயரைக் கேட்கும் குரலல்ல. தனக்கு என்ன தேவை என்று கண்டுபிடித்த கையின் குரல். அப்போது பணப்பையைத் திறக்கலாம்.