குடும்பத்தோடு பெங்களூர் குடிபோறீங்களா? வண்டி பேசும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

பண்ருட்டி:

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஊர் மாறும் பேச்சு ஆரம்பித்துவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்து கடலூர் மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு பிழைப்பு தேடி வெளியூர் கிளம்பியவர்களும் உண்டு. பெங்களூர் கட்டிட வேலை, கேரளா கூலி வேலை, கம்பெனி செக்யூரிட்டி வேலை என்று ஆளுக்கு ஒரு வழி. தனி ஆளாகப் போனால் ஒரு பையும் ஒரு போர்வையும் போதும். குடும்பத்தோடு போகும்போதுதான் சிக்கலே.

"அங்க சம்பளம் 12 ஆயிரம் கூட" என்ற ஒரே வார்த்தையை நம்பி வீட்டைக் காலி செய்கிறவர்கள் அதிகம். அந்த 12 ஆயிரத்தில் கையில் எவ்வளவு நிற்கும் என்று யாரும் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதில்லை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து எழுதிப் பார்க்கலாம். கணவன், மனைவி, 2 பிள்ளைகள். பண்ருட்டியில் வாடகை 3 ஆயிரத்து 500. இரண்டு பேர் வருமானமும் சேர்த்து மாதம் 20 ஆயிரம். பெங்களூரில் 32 ஆயிரம் கிடைக்கும் என்கிறார்கள். அங்கே வீட்டு வாடகை 9 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். (ஏரியாவுக்கு ஏரியா இது மாறும். அவரவர் தொகையைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.)

அட்வான்ஸ் 5 மாத வாடகை என்றால் 45 ஆயிரம். முதல் மாத வாடகை 9 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அதுவும் 9 ஆயிரம். வண்டிக்கு 15 ஆயிரம், ஏற்றி இறக்க 3 ஆயிரம். வீடு பார்க்க 2 தடவை போய் வர 3 ஆயிரம். குடும்பம் பயணம் போக 3 ஆயிரம். பிள்ளைகள் பள்ளிச் செலவு 20 ஆயிரம். பல்பு, பக்கெட், கதவுப் பூட்டு, கேஸ் டியூப் என்று சில்லரையாக 5 ஆயிரம். முதல் மாத மளிகை 8 ஆயிரம்.

கூட்டினால் 1 லட்சத்து 20 ஆயிரம் வருகிறது.

இந்தப் பணம் கையில் இருப்பவர்கள் குறைவு. நகையை அடகு வைப்பார்கள். நூத்துக்கு 2 வட்டி என்றால் மாதம் 2 ஆயிரத்து 400 வட்டிக்கே போய்விடும். வாடகை வித்தியாசம் 5 ஆயிரத்து 500. திருவிழா, கல்யாணம், சாவு என்று ஊருக்கு வந்து போக மாதத்துக்கு சராசரி 1,500 வைத்தாலும், கூடுதலாகக் கிடைத்த 12 ஆயிரத்தில் மிச்சம் நிற்பது 2 ஆயிரத்து 600 தான்!

அட்வான்ஸ் 45 ஆயிரம் திரும்பி வரும். மளிகை 8 ஆயிரம் இங்கே இருந்தாலும் ஆகும் செலவுதான். இரண்டையும் கழித்தால் கையை விட்டுப் போனது 67 ஆயிரம். மாதம் 2 ஆயிரத்து 600 வீதம் அதை எடுக்க 26 மாதம் ஆகும். கடன் குறையக் குறைய வட்டி குறையும் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரே வருடத்தில் "ஒத்து வரலை" என்று திரும்பி வந்தால் நஷ்டம் நிச்சயம். போகலாமா வேண்டாமா என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகு முடிவு செய்தால் போதும்.

அதனால்தான் விவரமான குடும்பங்களில் முதலில் ஒருவர் மட்டும் போகிறார். 3 மாதம் ரூமில் பங்கு போட்டு இருந்துவிட்டு, சம்பளம் சொன்னபடி வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றவர்களை அழைக்கிறார். மாதம் முழுவதும் வேலை செய்து அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல் சம்பளம் போடும் இடங்கள் உண்டு. முதல் 40 நாளுக்கு வருமானமே இல்லை என்று நினைத்துத்தான் பணம் எடுத்து வைக்க வேண்டும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது கையில் ஒரு மாதச் சாப்பாட்டுக்குக் கூட இல்லாதவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது.

டி.சி. வாங்கும் முன்...

பணத்தை விட முக்கியமான ஒன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. அது பிள்ளைகள் படிப்பு.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-ல் வந்த சட்டம் இது. 2021-ல் என்ஜினீயரிங் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். நடுவில் 2 வருடம் பெங்களூரில் படித்துவிட்டு 9-ம் வகுப்புக்குத் திரும்பி வந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தபோதும், 2024-ல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபோதும் இதே 6 முதல் 12 வரை என்ற கணக்கைத்தான் வைத்தார்கள்.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் செய்த திருத்தத்தின்படி பள்ளிப் படிப்பில் இருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். வெளிமாநிலத்தில் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ 2 வருடம் படித்தால் அதுவும் போச்சு.

சாதிச் சான்றிதழிலும் விஷயம் இருக்கிறது. பிழைப்புக்காக வேறு மாநிலம் போன எஸ்.சி., எஸ்.டி. குடும்பத்தினர் சொந்த மாநிலச் சான்றிதழைக் காட்டி அந்த மாநில அரசு வேலையில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பு சொல்லி இருக்கிறது. அங்கே ஒதுக்கீடு இல்லை, இங்கே படித்த கணக்கும் அறுந்து போச்சு என்றால் பிள்ளைகள் கதி என்ன?

இதற்காக யாரும் போகக் கூடாது என்பதில்லை. 5-ம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளைகள் என்றால் பெரிய பாதகம் இல்லை. 6-ம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறது என்றால், தாத்தா பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ விட்டுவிட்டுப் போவது பற்றி வீட்டில் பேசத்தான் வேண்டும். மனசு கேட்காதுதான்.

அழைத்துப் போவது என்று முடிவானால் டி.சி.யை ஜூனுக்குள் வாங்கிவிட வேண்டும். 8-ம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் ஆகிறது என்று சொல்லி அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. கர்நாடகாவில் கன்னடமும் கேரளாவில் மலையாளமும் பள்ளியில் கட்டாயம் (2015 மற்றும் 2017 சட்டங்கள்). 7-ம் வகுப்பில் போய் "அ, ஆ" எழுதப் பழகும் பிள்ளைக்கு ட்யூஷன் செலவு தனி.

வீடும் அட்வான்ஸும்

தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. பெங்களூர் கதை வேறு. 10 மாதம் என்பதுதான் அங்கே ரொம்ப நாள் வழக்கம். பேசினால் 5, 6 மாதத்துக்கு இறங்குகிறார்கள். பேசாதவர்கள் கொடுத்துவிட்டு வருகிறார்கள். காலி செய்யும்போது "பெயிண்ட் அடிக்க" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். இதை அக்ரிமெண்டில் எழுதும்போதே பேச வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் எங்கே பார்த்தாலும் 11 மாதம் போடுகிறார்கள்.

"லீஸ்" என்று இன்னொன்று உண்டு. நம்ம ஊர் போக்கியம் மாதிரி. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வீட்டு ஓனர் அந்த வீட்டின் மேல் பாங்கியில் கடன் வாங்கி கட்டாமல் விட்டிருந்தால், பாங்கி வந்து பூட்டுப் போடும்போது குடியிருப்பவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் லீஸ் பணம் கொடுப்பது கிணற்றில் போடுவதற்குச் சமம்.

தண்ணீரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றி மக்கள் டேங்கர் பின்னால் ஓடினார்கள். காவிரித் தண்ணீர் லைன் இருக்கிற வீடா, வெறும் போர் தண்ணீரா என்பது வாடகை அளவுக்கு முக்கியம்.

வண்டி விவகாரம்

ஆடியில் குடி போக மாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். அதனால் வைகாசி, ஆனியில் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுகிறார்கள். அதே நேரம் பண்ருட்டியில் பலாப்பழ சீசன் வேறு. வண்டிக்குக் கிராக்கி வராமல் என்ன செய்யும்? பெங்களூரில் இருந்து லோடு இறக்கிவிட்டு காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் வாடகை குறையும். லாரி ஆபீஸில் 10 நாள் முன்பே சொல்லி வைத்தால் இது நடக்கும்.

பீரோ, கட்டில், பழைய மெத்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவது தேவையில்லை. சாமான் ஒரு குட்டியானையில் அடங்கினால் ஒரு செலவு, பெரிய லாரி என்றால் வேறு செலவு. 6 ஆயிரம் ரூபாய் பெறாத பழைய கட்டிலுக்காகப் பெரிய வண்டி பேசுவது வீண். சாமி படம், குத்துவிளக்கு, அடுப்பு, பாத்திரம், துணிமணி, மிக்சி, கிரைண்டர் போதும்.

மூவர்ஸ் கம்பெனி என்று போனில் பேசி, குறைந்த ரேட் சொல்லி, சாமானை ஏற்றிய பிறகு "மாடிப்படி சார்ஜ், டோல், ஜி.எஸ்.டி." என்று இரண்டு மடங்கு கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கம்பெனியின் சேவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு, அது சரி. ஆனால் சொந்தமாகப் பயன்படுத்திய பழைய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. அதற்கு என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சாமான் பட்டியலை ஒரு தாளில் எழுதி கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் ஒன்றும் வீட்டில் ஒன்றும் வைத்தால் வழியில் கேட்பவர்களுக்குக் காட்டலாம்.

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டோல், பர்மிட் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கக் கூடாது. லாரி ரசீது கட்டாயம் வாங்க வேண்டும். சாமான் உடைந்தாலோ தொலைந்தாலோ புக் செய்த நாளில் இருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும். நுகர்வோர் கோர்ட்டில் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். நகை, பணம், பத்திரம், சர்டிபிகேட் மட்டும் வண்டியில் ஏற்றவே கூடாது. அம்மா கைப்பையில்தான் போக வேண்டும்.

பைக்கை விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீஸில் போடலாம். பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் கொண்டு போக வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநில நம்பர் வாங்க வேண்டும். அதற்கு வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. தேவை. அங்கே வரியும் புதிதாகக் கட்ட வேண்டும். பழைய பைக்காக இருந்தால் இங்கேயே விற்றுவிடுவது நல்லது.

ரேஷன் கார்டு

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. முன்னுரிமை கார்டு (பி.எச்.எச்.), அந்த்யோதயா கார்டு வைத்திருப்பவர்கள் வெளிமாநிலக் கடையில் கைரேகை வைத்து மத்திய அரசு தரும் தானியத்தை வாங்கலாம். குடும்பத்தில் பாதிப் பேர் ஊரில் இருந்தால் மீதியை அவர்கள் இங்கே வாங்கலாம். ஆனால் நம்ம கடையில் கிடைக்கும் துவரம் பருப்பு, பாமாயில் அங்கே கிடைக்காது. முன்னுரிமை இல்லாத கார்டுக்கு எதுவுமே கிடையாது. கார்டில் எந்த எழுத்து இருக்கிறது என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவசரப்பட்டு கார்டை ஒப்படைப்பதும் சரியல்ல. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ரேஷன் கார்டை வைத்துத்தான் விண்ணப்பம் வாங்கினார்கள். 2 மாநிலத்தில் 2 கார்டு வைத்திருப்பது குற்றம். அங்கே நிரந்தரமாக இருப்பது உறுதியான பிறகே மாற்றலாம். கர்நாடகாவில் 2023 ஜூன் 11-ல் தொடங்கிய பெண்களுக்கான இலவச பஸ்ஸுக்கு கர்நாடக முகவரி உள்ள அட்டை கேட்பார்கள். ஆதாரில் முகவரி மாறும் வரை டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

கேஸ் சிலிண்டரை வண்டியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்தப் பேப்பரைக் காட்டி அங்கே புது கனெக்சன் எடுக்கலாம். அதுவரைக்கும் முகவரிச் சான்று இல்லாமல் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. பி.எப். எண் எந்த மாநிலம் போனாலும் ஒன்றுதான். புதுக் கம்பெனியில் பழைய எண்ணைச் சொல்ல வேண்டும், புதிதாக ஒன்று போட விடக் கூடாது.

காண்டிராக்டர் மூலம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி, 10 பேரோ அதற்கு மேலோ வெளிமாநில ஆட்களை வைத்து வேலை வாங்கும் இடத்தில், வருடத்துக்கு ஒரு முறை சொந்த ஊர் போய் வரும் செலவை முதலாளி தர வேண்டும். அதற்கு எத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வாயால் சொல்லும் மேஸ்திரியிடம் வேலை செய்த நாள் கணக்கை எழுதி வாங்கி வைத்தால்தான் கேட்க முடியும்.

இங்கே விட்டுப் போகும் வீட்டு ஓனரிடம் கொடுத்த அட்வான்ஸை, சாமான் ஏற்றும் நாளுக்கு முன்பே கையில் வாங்கிவிட வேண்டும். "அப்புறம் ஜி-பேயில் போடுறேன்" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பக் கூடாது. கரண்ட் பில் கடைசி ரீடிங்கை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, சீட்டு பாக்கி, மளிகைக் கடை பாக்கி இரண்டையும் முடித்துவிட்டு வண்டியில் ஏறலாம்.