சித்திரையில் நியூயார்க்
முதற் பிரயாணத்திற்கு எங்கள் ஆயத்தம்

ரயில்வே உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குப் பிரயாணம் புதிதன்று. பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு, கட்டுச்சாதத்துடன் மும்பையில் வண்டி ஏறினால் மறுநாள் சென்னை. ஆனால் பாஸும் கட்டுச்சாதமும் செல்லுபடியாகாத ஒரு பிரயாணத்திற்கு எங்கள் குடும்பம் இப்போது ஆயத்தம் செய்து வருகிறது.

எங்கள் தங்கை நியூயார்க் நகரில் கணவருடன் வசிக்கிறாள். 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் எங்கள் தந்தையார் காலமானபோது பன்னாட்டு விமானங்கள் நின்றுபோயிருந்தன. இறுதிச் சடங்கை அவள் கைப்பேசித் திரையில்தான் கண்டாள். பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. விசாத் தாள்களைப் புதுப்பிக்கும் சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்தால் திரும்பிப் போக முடியுமோ என்ற அச்சத்தால் அவள் இன்றுவரை வரவில்லை. பேத்தியைத் தாயார் ஒருமுறைகூட மடியில் வைத்ததில்லை. அவள் வர இயலாவிடில் நாங்களே போவது என்று தீர்மானித்தோம். விசாரித்து அறிந்தவை எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

எப்போது போவது?

“வசந்த காலத்தில் வாருங்கள்” என்றாள் தங்கை. அந்நாட்டுக் கணக்கில் வசந்தம் மார்ச் 20-ஆம் தேதியளவில் பிறந்துவிடுகிறது. அதைக் கேட்டதும் தாயார் பங்குனியிலேயே புறப்படத் துடித்தார். ஆனால் மார்ச் மாதம் பெயரளவில்தான் வசந்தம். இரவில் உஷ்ணம் 2 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்கும். பனி கொட்டும் நாள்களும் உண்டு. ஏப்ரலில் பகல் உஷ்ணம் சராசரி 16 டிகிரி. மே மாதத்தில் 22 டிகிரி. சென்ட்ரல் பார்க்கின் செர்ரி மரங்கள் ஏப்ரல் முற்பகுதியில் பூக்கத் தொடங்குகின்றன. புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் பூக்காலம் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் உச்சத்தை எட்டும்.

சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்தார்கள் நம் முன்னோர். அம்மாதங்களில் மும்பையில் வியர்த்து வழியும் நமக்கு அப்பெயர் வேடிக்கையாகத் தோன்றும். நியூயார்க்கிற்கோ அது அப்படியே பொருந்துகிறது. ஆகவே, வருஷப் பிறப்பை இங்கே கொண்டாடிவிட்டு ஏப்ரல் 20-ஆம் தேதியளவில் புறப்படுவது, ஒரு மாதம் தங்கித் திரும்புவது என்று முடிவு செய்தோம். தாயாருக்குத் துணையாக ஒருவர் செல்வது. இல்லத்தரசியும் பையனும் இங்கேயே இருப்பது.

அனுமதியும் பணமும்

அரசு ஊழியர்கள் முதலில் அலுவலகத்தில் வெளிநாடு செல்ல அனுமதி பெறவேண்டும். அடுத்தது விசா. டிஎஸ்-160 என்னும் விண்ணப்பத்தைக் கணினி வழியே நிரப்பவேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் முதல் ஆளொன்றுக்கு 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. நேர்முகத் தேதிக்குப் பல மாதங்கள் காத்திருக்க நேரும். அடுத்த வசந்தத்திற்குப் போக எண்ணுபவர்கள் இந்த வசந்தத்திலேயே தொடங்குவது உத்தமம். விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டு வாங்கலாகாது.

அந்நாட்டுச் சட்டத்தின்படி, திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்பச் செய்யும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து தாயார் சரியாக உறங்கவில்லை. “மகளைப் பார்க்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னால், அங்கேயே தங்கிவிடுவேன் என்று நினைத்துக்கொள்வார்களோ?” என்று தினமும் கேட்டார். குடும்ப ஓய்வூதியத் தாள், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் கட்டி எடுத்துச் சென்றோம். அதிகாரி அக்கட்டைப் பிரிக்கச் சொல்லவேயில்லை. எப்போது திரும்புவீர்கள் என்று மட்டும் கேட்டார். நாற்பது ஆண்டு மும்பை வாசத்தில் பழகிய இந்தியில் தாயார் மறுமொழி சொன்னார்: “ஜூனில் பேரனுக்குப் பள்ளி திறக்கிறது. நான் வராவிட்டால் அவனை யார் கொண்டு விடுவது? மருமகள் வேலைக்குப் போகிறாள்.” விசா கிடைத்தது. உள்ளதை உள்ளபடி சொல்வதே போதும் என்று கண்டோம். பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு விசா தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்திலுள்ள அதிகாரியே நிர்ணயிப்பார்.

இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் வங்கியில் கட்டிய சேமிப்பே எங்கள் மூலதனம். தங்கையின் வீட்டில் தங்குவதால் விடுதிச் செலவு இல்லை. ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது; அது மருத்துவக் காப்பீடு. அங்கே ஒருநாள் ஆஸ்பத்திரிச் செலவு நம் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். தாயாருக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. பழைய நோய்களுக்குக் காப்பீடு எதுவரை பொறுப்பேற்கும் என்று ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே வாங்கப் போகிறோம்.

பெட்டியில் என்ன?

பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே அனுமதியில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதன் வழியே பரவும் என்பது காரணம். இந்தியாவிலிருந்து அரிசியும் கொண்டுபோகக் கூடாது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் போகலாம். ஆயினும் கொண்டுசெல்லும் தின்பண்டம் யாவற்றையும் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடவேண்டும். அங்கு மின்சாரம் 120 வோல்ட் ஆகையால் நம் மிக்சி ஓடாது. கனத்த கோட்டு ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியத்தக்க இரண்டு மூன்று மெல்லிய கம்பளி உடைகள் மேல். தாயாருக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஷூ வாங்கியிருக்கிறோம். மாலையில் கூடத்திலேயே நடந்து பழகுகிறார்.

நகரில் சுற்றுவது

மும்பைவாசிகளுக்கு நியூயார்க்கின் சுரங்க ரயில் அச்சம் தராது. நம் ‘ஃபாஸ்ட்’, ‘ஸ்லோ’ போலவே அங்கும் ‘எக்ஸ்பிரஸ்’, ‘லோக்கல்’ உண்டு. 1904-இல் தொடங்கிய அந்த ரயிலுக்கு இன்று 472 நிலையங்கள். இரவு பகலாக ஓடுகிறது. டிக்கெட் கணக்கிலேயே காலம் கழிக்கும் எங்களை வியக்கவைத்தது ஒன்று: தூரம் எவ்வளவாயினும் ஒரே கட்டணம், ஏறத்தாழ 3 டாலர். ஆனால் பெரும்பாலான நிலையங்களில் மின்தூக்கி இல்லை. படி ஏற முடியாத முதியோருக்குப் பேருந்தே நல்லது, கட்டணமும் அதேதான்.

ஓட்டலிலும் கடையிலும் எழுதியிருக்கும் விலையின்மேல் 8.875 சதவீதம் வரி சேரும். ஓட்டலில் பரிமாறுபவருக்கு 18 முதல் 20 சதவீதம் இனாம் தருவது வழக்கம்.

எங்கள் பட்டியல்

புத்தகங்களில் நூறு இடங்கள் இருக்கின்றன. தாயாரின் முழங்காலைக் கருதி, நாளுக்கு ஓரிடம் என்று வகுத்திருக்கிறோம். முதலில் ஃபிளஷிங் பகுதியில் 1977-இல் குடமுழுக்கு நடந்த மகா வல்லப கணபதி கோயில். அங்குள்ள உணவுக்கூடத்தில் தோசையும் கிடைக்கும். பிறகு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனி. 1966 அக்டோபர் 23-ஆம் தேதி எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய ஐக்கிய நாடுகள் சபை. சுதந்திர தேவி சிலையைப் படியேறாமலே காண ஸ்டேட்டன் தீவுப் படகு. ஏறத்தாழ 25 நிமிஷப் பிரயாணம், கட்டணமே இல்லை. செர்ரிப் பூக்களுக்கு ஒருநாள் புரூக்ளின் தோட்டம்.

ரயில்வே மோகத்திற்காக இரண்டு இடங்கள்: 1913-இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையம், நம் சிவாஜி முனையத்தில் 18 பிளாட்பாரங்கள், அங்கே 44! மற்றொன்று ஹை லைன். 1934 முதல் 1980 வரை சரக்கு வண்டிகள் ஓடிய உயர்பாதை அது. இடித்துவிடாமல் 2009 முதல் பூங்காவாக்கியிருக்கிறார்கள். பழைய தண்டவாளங்களுக்கு நடுவே செடிகள் வளர்கின்றன. சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம். நடுவே பெஞ்சுகளும் உண்டு.

இவற்றையெல்லாம் கால அட்டவணைபோல் ஒரு தாளில் எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். வசந்தத்தில் இரு நாடுகளுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம்; உடல் பழகச் சில நாள்கள் ஆகுமென்பதால் முதல் மூன்று நாள்களுக்கு எதிரே எந்த இடமும் எழுதவில்லை. தாயார் அத்தாளைப் பார்த்துவிட்டு, “இந்த மூன்று நாள் போதும், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்” என்றார்.