பந்தியில் சோதிக்கப்படும் அன்பு



அருள் என்ற சொல்லை நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! செபமாலை ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் ஐம்பது முறைக்கு மேல் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அருள்ராஜ், அருள்மேரி என்று பெயர் வைக்கிறோம். அன்பு என்ற சொல்லும் அப்படித்தான். நம் தெருவில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவுக்கே அன்பியம் என்றுதான் பெயர். ஆனால் இந்த இரண்டு சொற்களும் நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வருகின்றனவா, அல்லது வாசலோடு நின்றுவிடுகின்றனவா? இந்தக் கேள்வியை நமக்குள் எழுப்ப திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊரின் பெயரே போதும்: கொமரலிங்கம்.

உடுமலைப்பேட்டைக்குத் தென்கிழக்கே, அமராவதி ஆற்றையொட்டி இருக்கும் ஊர் அது. நெல்லும் கரும்பும் தென்னையுமாகப் பச்சை மாறாத பகுதி. அந்த ஊரைச் சேர்ந்த சங்கர் பட்டியல் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியல் கல்லூரி மாணவர். பழனியைச் சேர்ந்த கௌசல்யா வேறு சாதியைச் சேர்ந்தவர். ஒரே கல்லூரியில் படித்த இருவரும் 2015 ஜூலையில் திருமணம் செய்துகொண்டு கொமரலிங்கத்தில் சங்கரின் வீட்டில் வாழ்ந்தார்கள். எட்டு மாதம்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைக்குக் கடைக்கு வந்தவர்களைப் பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கும்பல் வெட்டியது. சங்கர் இறந்துபோனார். தலையில் பலத்த வெட்டுக்காயங்களோடு கௌசல்யா பிழைத்தார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர்களில் ஐவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்து, கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்தது.

இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. நம்மில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அந்த மார்ச் 13 ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அதுவும் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்திருந்த இரக்கத்தின் யூபிலி ஆண்டில் வந்த தவக்காலம். அன்று காலை உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி யோவான் 8-ஆம் அதிகாரம்: ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி, கல்லோடு சுற்றி நின்றவர்கள், குனிந்து தரையில் எழுதிய ஆண்டவர், முதியோர் தொடங்கி ஒவ்வொருவராகக் கலைந்துபோன கூட்டம். காலையில் அந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு, மறையுரையையும் கேட்டுவிட்டு நாம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அதே நாளில் உடுமலையில் இது நடந்தது. அங்கே கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டுப் போக ஒருவரும் இல்லை.

"அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லையே ஃபாதர்" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவன் எந்தச் சபை என்று லூக்கா நற்செய்தியாளர் சொல்லவே இல்லை. அதைவிட நம்மைத் தலைகுனிய வைப்பது வேறொன்று. கணவரை இழந்த பிறகு கௌசல்யா கொமரலிங்கத்தை விட்டுப் போய்விடவில்லை. சங்கரின் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார். அரசு தந்த இழப்பீட்டிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வீடு கட்ட உதவினார். அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் மறைக்கல்வி வகுப்பில் நாம் 'கைம்மாறு கருதாத அன்பு' என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைப்பது இதைத்தானே?

அருள் என்றால் என்ன? உழைத்துச் சம்பாதிக்காதது, தகுதி பார்த்துத் தரப்படாதது, பிறப்பினால் வராதது. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. குருமடத்தில் இறையியல் படித்தபோது இதை நாங்கள் ஏட்டில் படித்தோம், தேர்வும் எழுதினோம். ஆனால் அருளைப் பற்றிய தூய பவுலடியாரின் பெரிய வாதம் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் தொடங்கியது என்பது பங்குப் பணிக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை இன்று இரவு வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். சீடர்கள் முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தியோக்கியா நகரம். கேபா என்னும் பேதுரு அங்கே வந்து, பிற இனத்தவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒரு தொல்லையும் இல்லை. பிறகு யாக்கோபிடமிருந்து சிலர் வருகிறார்கள். நம் பேச்சில் சொன்னால், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். உடனே பேதுரு மெல்ல விலகிக்கொள்கிறார். யாரையும் அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பிட வரவில்லை, அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகுகிறார்கள். பர்னபாவும்கூட! பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் எதிர்க்கிறார். இதை வெளிவேடம் என்கிறார். நற்செய்தியின் உண்மைக்கு ஏற்ற நடை இது இல்லை என்கிறார். அங்கிருந்துதான் நம்பிக்கையால் வரும் மீட்பைப் பற்றிய விளக்கம் தொடங்குகிறது. கடவுளின் அருளை வீணாக்க மாட்டேன் என்ற பொருளில் அந்த அதிகாரம் முடிகிறது.

பேதுரு கொள்கை தெரியாதவரா? யோப்பா நகரில் காட்சி கண்டவர். கொர்னேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தவர். அதற்காக எருசலேமில் கேள்வி கேட்கப்பட்டுப் பதிலும் சொன்னவர். அப்படிப்பட்டவரை விலக வைத்தது அச்சம் என்று பவுலே எழுதுகிறார். நம்மவர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்.

இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பனியன் கம்பெனியில் ஒரே வரிசையில் ஓவர்லாக் ஓட்டுகிறவரும், பவர் டேபிளில் இருக்கிறவரும், கைமடிக்கும் பெண்ணும், செக்கிங்கில் நிற்கும் பெண்ணும் எந்தெந்த ஊர், எந்தெந்த ஆட்கள் என்று பார்த்தா மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்? ஒருத்தி கொண்டுவந்த புளிக்குழம்பு நான்கு தட்டுக்குப் போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கும் ஒரு கரண்டி போகிறது. வயிற்றுப்பாட்டுக்காக உண்டான ஒற்றுமை என்று இதைச் சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. அதுவும் அருள்தான், ஆனால் ஷிப்ட் முடிந்து வேன் ஊர் எல்லையில் இறக்கிவிட்டதும் அந்த அருள் எங்கே போகிறது? அதே இருவர், அதே ஊரில், ஒருவர் மற்றவரின் வீட்டுத் திண்ணையோடு நின்று பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். கம்பெனி வரைக்கும் அந்தியோக்கியா. ஊருக்குள் வந்தால் யாக்கோபின் ஆட்கள்.

நம் திருச்சபைக்கு இதில் சுத்தமான வரலாறு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில்தான் 1745-இல் நீலகண்டபிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்தவர், சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் அவர்மீது மேல்தட்டினருக்குப் பகை வரக் காரணமாயிற்று. 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது நாமெல்லாம் பட்டாசு வெடித்தோம். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் 1872-இல், ஒரு சாதியினர் கண்ணில் மறு சாதியினர் படாதவாறு, கால்சட்டை வடிவில் இரண்டாகப் பிரிந்த ஆலயம் கட்டப்பட்டது. பிரித்து வைத்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது சிலர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்பதை வெளிப்படையாகவே சொல்லி அனுப்பினார். அதை எத்தனை பங்குகளில் வாசித்துக் காட்டினோம்?

குருக்களாகிய எங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் இருந்தபோது இரண்டு பேர் எங்களைப் பார்க்க வந்தார்கள். இருவரும் கத்தோலிக்கர், இருவரும் வயது வந்தவர்கள், ஒரே கம்பெனியில் வேலை. சாதி வேறு. நாங்கள் சொன்ன பதில்: "அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்." விவேகமான பதில் என்று அன்று நினைத்தோம். ஆனால் திருச்சபைச் சட்டம் 1057 திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே என்கிறது. வேறு எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாக முடியாது. 1563-லேயே திரிதெந்தின் பொதுச்சங்கம், பெற்றோர் சம்மதம் இல்லை என்பதற்காகத் திருமணம் செல்லாது என்று சொல்வோரைக் கண்டித்தது. பெற்றோரை மதிக்க வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அதே சங்கம் ஒளிவுமறைவான திருமணங்களையும் கண்டித்தது. பெற்றோரிடம் நாங்களே போய்ப் பேசியிருக்கலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று பார்த்தோம்.

அந்த இருவரும் பெற்றோரைக் கூட்டி வரவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். கோவிலில் நடக்காததால் நற்கருணை வாங்கத் தகுதியற்றவர்கள் என்று அவர்களே ஒதுங்கிக்கொண்டார்கள். பேதுரு எழுந்துபோன பந்தியில் மிச்சமிருந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பவுல் எழுதவில்லை. எங்களுக்குத் தெரியும்.

ஆகவே அன்றாட வாழ்வில் அன்பை வாழ்வது எப்படி என்று யாராவது கேட்டால், பெரிய தியாகங்களைப் பற்றிப் பேச நமக்கு விருப்பம் வருவதில்லை. திருப்பலியில் சமாதானம் சொல்லும்போது நம் நாட்டில் கைகூப்புகிறோம். அழகான வழக்கம்தான், ஆனால் யாரையும் தொடாமலே முடிந்துவிடுகிறது. புதிதாக வந்தவரிடம் "நீங்க எந்த ஊருங்க, யாரு வீடுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறோமே, எதைத் தெரிந்துகொள்ள அது? பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது 'நல்ல கத்தோலிக்கக் குடும்பம்' என்று சொல்லிவிட்டு, தரகரிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற இன்னொரு நிபந்தனை என்ன? அன்பியங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறோம். தெருக்கள் ஏற்கெனவே எதன்படி பிரிந்திருக்கின்றன என்று யோசித்ததுண்டா?

இதே திருப்பூர்ப் பக்கம் ஒரு பங்கில், இரண்டு தெருக்களைச் சேர்த்து ஓர் அன்பியம் அமைத்தோம். மாதம் ஒரு வீடு. மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. நான்காவது மாதம் முறை வந்த வீட்டில் இருபது பேருக்குச் சுண்டல் செய்து வைத்திருந்தார்கள். வந்தது ஆறு பேர். ஷிப்ட் விட நேரமாகிவிட்டது என்றார் ஒருவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார் இன்னொருவர். அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மிஞ்சிய சுண்டலைக் காகிதத்தில் மடித்து எங்களிடமே கொடுத்தனுப்பினார்.

அடுத்த மாதமும் அதே வீட்டில்தான் என்று ஞாயிறு திருப்பலியில் அறிவித்தோம். முணுமுணுப்பு எழுந்தது. அன்று ஒன்பது பேர் வந்தார்கள். செபம் முடியும் நேரத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, முதல் கூட்டத்துக்கு வராதவர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "கண்ணு, ஒரு சொம்பு தண்ணி கொண்டா. நாக்கு வறண்டு போச்சு." கொண்டுவந்த சொம்பை அண்ணாந்து குடிக்காமல் வாயில் வைத்தே குடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மருமகளிடம் நீட்டினார்.